மேல்படிப்பா, வேலையா: ஒரு சிவில் மாணவியின் மூன்று ஆண்டுகள்

2022 ஜூன் மாதம் ஒரு மதியம். இறுதியாண்டு முடித்த மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘எம்.டெக்.’, வலது பக்கம் ‘வேலை’. இரண்டு பக்கமும் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள். வலது பக்கத்தின் அடியில் ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது: ‘தம்பி ஃபீஸ்’.

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் நடத்துகிறேன். வருஷா வருஷம் இந்தக் கேள்வியோடு பத்துப் பதினைந்து பேராவது வருவார்கள். இவளுடைய கதையை மட்டும் விரிவாக எழுதுவதற்குக் காரணம், நான் சொன்ன யோசனையை இவள் கேட்கவில்லை. கேட்காதது சரியாகப் போனது. எது அதைச் சரியாக்கியது என்று எனக்கே தெளிவுபட வேண்டியிருந்தது. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

பின்னணி

வீடு வியாசர்பாடி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல் வேலை. தம்பி அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தான். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான். முதல் பட்டதாரி சலுகை கிடைத்தது, மீதிக்குக் கல்விக் கடன். படித்து முடிக்கும்போது கடன் 2,40,000 ரூபாய் நின்றது.

2018இல் சேர்ந்த பிள்ளைகள் இவர்கள். இரண்டாம் ஆண்டு நடுவில் கொரோனா வந்தது. மூன்றாம் ஆண்டு முழுக்க வீட்டில், செல்போனில். கான்கிரீட் ஆய்வகத்தில் வலிமை பார்க்க க்யூப் (கான்கிரீட் கட்டி) உடைவதை இவர்கள் வீடியோவில் பார்த்தார்கள். தூணுக்குக் கம்பி கட்டுவது எப்படி என்று நான் ஸ்லைடில் படம் போட்டுக் காட்டினேன். மற்ற வருஷங்களில் பிள்ளைகளை ஒரு சைட்டுக்காவது கூட்டிப் போய்விடுவோம். இவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அப்படியிருந்தும் 2022 பிப்ரவரியில் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். தயாரிப்பு முழுக்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் ஒரே அறை என்பதால் அதுவே அவளுக்குப் படிக்கும் அறையாக இருந்தது. ஜூனில் கலந்தாய்வில் வெளியூர் என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) ஒன்றில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங், அதாவது கட்டமைப்புப் பொறியியல், எம்.டெக். இடம் வந்தது. அதே வாரம் சென்னைக் கட்டுமான நிறுவனம் ஒன்றிலிருந்து சைட் இன்ஜினியர் வேலைக்கு ஆர்டரும் வந்தது. கைக்கு 20,000.

தாளில் இருந்த கணக்கு

முழுநேர எம்.டெக்.கில் கேட் தகுதியோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து அரையாண்டுக்கு எழுபதாயிரம் என்று அவள் போட்டிருந்தாள். நான்கு அரையாண்டுக்கு 2,80,000. ஆக, படிப்பு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். இதைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. “சேர்ந்துவிடு” என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். “ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறேன் என்று போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சம்பளம் கைக்குப் பழகிவிட்டால் விட மனசு வராது.” இது பொய்யில்லை. என் கண் முன்னால் நடந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அவள் தாளில் இருந்த இன்னொரு கணக்கை நான் பார்க்கவில்லை. எம்.டெக். பக்கம் வரவும் செலவும் சரிக்குச் சரி என்றால், வீட்டுக்கு வருவது சுழியம். வேலைப் பக்கம் இரண்டு வருஷத்துக்கு 4,80,000. அந்த வீட்டில் வாடகை, தம்பி படிப்பு, ஆட்டோவுக்கு எப்.சி. என்று எல்லாமே அந்த இரண்டு வருஷத்துக்குள் வரிசையில் நின்றன.

கடன் விஷயம் தனி. கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், அதுவரையிலான வட்டியை மத்திய அரசின் வட்டி மானியம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த மானியம் ஒருவருக்கு ஒரு முறைதான்; இளநிலைக்கு வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. மேலே படித்தால் தவணையைத் தள்ளிவைக்க வங்கியில் வழி இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள்தான் வங்கியில் விசாரித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

வீட்டில் நடந்த பேச்சு

மறுநாள் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா காக்கிச் சட்டையோடு, சவாரிக்கு நடுவில் வந்திருந்தார். நான் எம்.டெக்.கின் அருமை பெருமையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரெண்டு வருசம்னா ரெண்டு வருசத்தோட முடிஞ்சிடுமா மேடம்? இல்ல, அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கா?”

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பி.எச்டி. இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை என்றேன். தலையாட்டினார். பிறகு அம்மா பேசினார். அதுவரை பேசாமல் இருந்தவர்.

“இந்தப் பரீட்சை மார்க்கு எத்தனை வருசம் செல்லும் மேடம்?”

கேட் மதிப்பெண் முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று வருஷம் செல்லும். 2022 மார்ச்சில் வந்த முடிவு 2025 மார்ச் வரை. அதாவது 2022, 2023, 2024 என்று மூன்று முறை சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம். இந்த விஷயம் எனக்குத் தெரியாததல்ல. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். ஆனால் ‘இடம் வந்திருக்கிறதே, விடலாமா’ என்ற பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா உடனே கணக்குப் போட்டுவிட்டார். தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறான். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. 2024இல் வெளியே வருவான்.

“அவன் முடிக்கிற வருசம் நீ ஆரம்பி” என்றார் மகளிடம்.

அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. என்.ஐ.டி. இடத்தை விட்டுவிட்டு வேலையில் சேர்ந்தாள். எனக்கு அன்று வருத்தம்தான். நல்ல ஒரு மாணவியை இழந்துவிட்டோம் என்றே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

பெரும்பாக்கம் சைட்

வேலை பெரும்பாக்கத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடம். காலை ஐந்தே முக்காலுக்கு வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, வேளச்சேரியில் இறங்கி பஸ். எட்டு மணிக்கு சைட்டில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடுகிற நாளில் இரவு பத்தும் ஆகும். பறக்கும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும், அந்த நேரம்தான் படிக்கிற நேரம் என்று சொல்வாள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மாலை நேர எம்.இ. (எம்.டெக். போன்றதே) இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். சைட் வேலையில் இருப்பவருக்கு ஆறு மணி வகுப்பு எட்டாத தூரம் என்று அப்போது புரிந்தது.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு போன் வந்தது. தூண் கம்பிக்கு ரிங், அதாவது நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் ரிங்கின் முனைக் கொக்கி 135 டிகிரி என்று இருக்கிறது. சைட்டில் 90 டிகிரியில் வளைத்து மாட்டியிருக்கிறார்கள். 135க்கு வளைத்தால் உள்ளே கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும், கம்பியை இறக்குவதும் கான்கிரீட் போடுவதும் சிரமம், அதனால் இப்படிச் செய்வது நிறைய இடத்தில் நடப்பதுதான். இவள் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். கம்பி மேஸ்திரி கேட்டிருக்கிறார்: “இருவது வருசமா இப்படித்தான் வளைக்கிறேன் பாப்பா. எந்தத் தூண் விழுந்துச்சு, சொல்லு?”

“எனக்குப் பதில் தெரியல மேடம்” என்றாள். “ஐ.எஸ். 13920ல இருக்குன்னு சொன்னேன். அது அவருக்குப் பதில் இல்லையே.” நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கம்பி கட்டுவதற்கான இந்தியத் தர விதி அது.

போனிலேயே சொன்னேன். சாதாரண நாளில் இரண்டு கொக்கியும் ஒன்றுதான், அவர் சொல்வது உண்மை. நிலநடுக்கத்தில் தூண் இப்படியும் அப்படியுமாக ஆடும்போது முதலில் உதிர்வது கம்பிக்கு வெளியே இருக்கிற கவர் கான்கிரீட். அது உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, விரிந்துவிடும். ரிங் விரிந்தால் நிமிர்ந்து நிற்கும் கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கி வளையும், தூண் நொறுங்கும். 135 டிகிரி கொக்கியின் முனை உள்ளே, உதிராத நடுக் கான்கிரீட்டுக்குள் பிடிமானத்தோடு இருக்கும். சென்னை 2002க்கு முன்னால் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலம்; அந்த வருஷத் திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. மேஸ்திரி தொழில் கற்றுக்கொண்ட காலத்துப் பழக்கம் அவர் கையில் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் அவள் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் படம் வரைந்து மேஸ்திரிக்குக் காட்டியிருக்கிறாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மாட்டிய ரிங்கையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். அரை நாள் வேலை போனது. சைட் மேனேஜரிடம் திட்டு வாங்கினாள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமான நாள் அதுதான். இதே பாடத்தை அவளுக்கு ஏழாவது செமஸ்டரில் நடத்தியவள் நான். அவள் அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். ஆனால் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. கேட்க ஒரு தேவை வரவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு வாரம் ஒரு கேள்வியாவது வரும். பீமும் தூணும் சேர்கிற இடத்தில் இவ்வளவு கம்பி நெருக்கினால் ஜல்லி எப்படி இறங்கும்? கணினியில் போடுகிற டிசைனுக்கும் இந்த நெருக்கடிக்கும் சம்பந்தமே இல்லையே? ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தாள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் வழியாக நிலநடுக்கப் பொறியியல் பாடம் ஒன்றையும் எடுத்தாள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் அப்போது ஆயிரம் ரூபாய்.

அதே ஆண்டு முடித்த இன்னும் இருவர்

அவளுடைய வகுப்பிலேயே ஒரு பையன், ஏறக்குறைய அதே கேட் மதிப்பெண். நேராக எம்.டெக். போனான். அப்பா அரசு ஊழியர், கடன் இல்லை. 2024இல் முடித்து, கிண்டியில் ஒரு டிசைன் ஆலோசனை நிறுவனத்தில் நல்ல சம்பளத்துக்குச் சேர்ந்தான். அவனுக்கு அது சரியான வழி. காத்திருந்தால் அவனுக்கு எந்த லாபமும் இருந்திருக்காது. சிவிலில் டிசைன் பக்கம் போக நினைப்பவர்களுக்கு எம்.இ. ஸ்ட்ரக்சுரல் கிட்டத்தட்ட நுழைவுச் சீட்டு மாதிரி. சைட் பக்கம் போகிறவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு, அதை இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம்.

இன்னொரு மாணவன் பற்றி எழுதும்போது மனசு கனக்கிறது. கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை. சும்மா இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்பதைத் தாங்க முடியாமல், கேட் தேர்வும் எழுதாமல், ஒரு தனியார் கல்லூரியில் எம்.இ. சேர்ந்தான். ‘வந்து சேர்ந்தால் போதும், அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கேட் இல்லாததால் உதவித்தொகை இல்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். இரண்டு வருஷம் கழித்து, 2022இல் எந்த நேர்முகத்தில் உட்கார்ந்தானோ அதே மாதிரி நேர்முகத்தில் மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை ‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வேலை கிடைக்காத நேரத்தை மேல்படிப்பால் நிரப்பாதீர்கள் என்று பெற்றோர்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு சைட் சூப்பர்வைசராகப் போனாலும் பரவாயில்லை. ஆறு மாதத்தில் அளவெடுக்கவும் பில் போடவும் கற்றுக்கொள்வான், கையில் ஒரு தொழில் இருக்கும்.

திரும்பி வந்தது

சம்பளம் பழகினால் விட முடியாது என்று நான் சொன்னது இவள் விஷயத்திலும் பாதி நடந்தது. 2023இல் சம்பளம் 23,000 ஆனது. அந்த ஆண்டு சேர்க்கைக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அந்த ஜூனில் கடன் தவணையும் ஆரம்பித்திருந்தது, மாதம் 3,100 சொச்சம். நிறுவனத்தில் அடுத்த சைட்டுக்கு சீனியராக அனுப்புகிறோம் என்றார்கள். 2023 முடிவில் என்னைப் பார்க்க வந்தபோது, “இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமா மேடம்?” என்று கேட்டாள். 2024ஐ விட்டால் மதிப்பெண் காலாவதி. சைட் வேலை பார்த்துக்கொண்டு மறுபடி கேட் தேர்வுக்குத் தயாராவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கே தெரியும். கணக்குப் பாடமெல்லாம் துருப்பிடித்துவிட்டது என்று அவளே சொன்னாள்.

அவளைத் திருப்பியது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். ஒன்று, வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதமே அம்மா அவளை வங்கிக்குக் கூட்டிப் போய் ஆர்.டி. போட வைத்திருந்தார். மாதம் 3,500. பாஸ்புக் அட்டையில் ‘படிப்பு’ என்று பேனாவால் எழுதி, பீரோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டில் எவ்வளவு முடை வந்தபோதும் அதை உடைக்கவில்லை. 2024 ஜூனில் 22 மாதத்துக்கு 77,000 ரூபாயும் வட்டியும் இருந்தது. தீபாவளிக்கு நகைக் கடைக்குப் போகலாம் என்று யாரோ சொன்னபோது, “அது என் காசு இல்ல” என்றாராம் அம்மா.

இரண்டாவது, அந்த நோட்டு. ஒன்றரை வருஷத்துக் கேள்விகள். அதை என் மேசையில் வைத்துவிட்டு, “இதுக்கெல்லாம் சைட்டுல யாருகிட்டயும் பதில் இல்ல” என்றாள். 2022இல் அவளை எம்.டெக்.குக்கு அனுப்பியிருந்தால் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். 2024இல் எடுத்துக்கொண்டு போக நாற்பது பக்கம் இருந்தது. நல்ல மாணவிக்கு உடனே இடம் பிடித்துக் கொடுப்பதுதான் ஆசிரியர் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

2024இல் தம்பி டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்தான். அதே கேட் மதிப்பெண்ணில் இவளுக்குக் கிண்டியிலேயே எம்.இ. இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே போய்வருகிறாள், விடுதிச் செலவு இல்லை. உதவித்தொகை முதல் மாதமே கைக்கு வந்துவிடாது. அது வரும்வரை ஆர்.டி. பணம்தான் கட்டணத்தையும் கடன் தவணையையும் பார்த்துக்கொண்டது. தவணையை அவள் தள்ளிவைக்கவில்லை, வட்டி ஏற விட மனசில்லை என்றாள். இழப்பும் இருக்கிறது. நேராக எம்.டெக். போன பையன் அவளைவிட இரண்டு வருஷம் முன்னால் இருக்கிறான், சம்பளத்திலும் அனுபவப் பட்டியலிலும். பழைய நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னதோடு சரி, எழுதித் தரவில்லை.

இப்போது இரண்டாம் ஆண்டு. ஆய்வுக்குப் பீமும் தூணும் சேர்கிற இடத்தை எடுத்திருக்கிறாள். போன மாதம் ஆய்வகத்தில் மாதிரிகள் செய்யக் கம்பி கட்டும் ஆள் வேண்டியிருந்தது. பெரும்பாக்கம் மேஸ்திரிக்கே போன் பண்ணிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைக்கும் கருவியோடு வந்தார். கூலி வேண்டாம், பஸ் காசும் டீயும் போதும் என்றார், அவள் விடவில்லை. மொத்தம் ஆறு மாதிரி. நான்குக்கு 135 டிகிரி கொக்கி, மளமளவென்று வளைத்துப் போட்டார். மிச்சம் இரண்டுக்கு 90 டிகிரி என்று அவள் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“வேணும்னே தப்பா வளைக்கச் சொல்றியே பாப்பா?”

“எப்படி விரியுதுன்னு பார்க்கணும்ணே.”

அந்த இரண்டையும் கடைசியில்தான் வளைத்தார். முடித்ததும், எதுவும் கலந்துவிடக் கூடாது என்று சாக்பீஸ் வாங்கி அவற்றின்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். சோதனை ஜனவரியில். அன்றைக்குத் தானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.